கீழே இறக்கிய எஞ்சின்

அன்றைக்கு அந்தத் திடலில் இருந்தவர்கள்: விமானத்தைக் கட்டிய இராமையா. அவர் மனைவி அம்சவல்லி. அவள் தம்பி குணாளன், விமானத்தைத் தன் காய்கறி லோரியில் ஏற்றி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவன். இராமையாவுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த ஹாஷிம். பறக்கும் கிளப்பைச் சேர்ந்த இரண்டு சீனர்கள், அதில் ஒருவர் பல் டாக்டர். புல் வெட்டும் வங்காளதேசி ஒருவன். புல்வெட்டும் வண்டியின் நிழலில் படுத்திருந்த ஒரு நாய். ஹாஷிமின் மனைவி ரோஹானி வருவதாக இருந்து வரவில்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருந்தாள். இராமையாவின் மகள் மோகனாவும் வரவில்லை. சனிக்கிழமை அவளுக்கு மிஷின் நாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கையில் இரண்டு ஊசியோடு படுத்து, தன் ரத்தம் குழாயில் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர் யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டபோது அம்சவல்லி இந்த வரிசையில்தான் சொன்னாள். நாயை விட்டுவிட்டாள்.

முதலில் யார் ஏறுவது என்பதில் இராமையாவுக்கு மனத்தாங்கல் இருந்தது. கட்டியவன்தானே ஏற வேண்டும்? ஆனால் கிளப்பின் வழக்கம் வேறு. புதிதாகக் கட்டிய எதையும் அங்கே சொல்லிக்கொடுப்பவர்தான் முதலில் மேலே கொண்டுபோவார். 'பாக்சிக், உங்க புள்ளைக்கு மொத வாய்ச் சோறு நான் ஊட்டுறேன்' என்று ஹாஷிம் மலாயில் சொல்லிச் சிரித்தார். அவர் இராமையாவைவிட இளையவர். அதனால் வாத்தியார் மாணவனைப் பாக்சிக், சித்தப்பா என்று கூப்பிட, மாணவர் வாத்தியாரைச் சிக்கு, ஆசிரியர் என்று கூப்பிட்டார். கிளப்பில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. ஹாஷிம் திடலில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு விமானம் முழு வேகத்தில் ஓடியது, புல்லை விட்டது, திடலைச் சுற்றியிருந்த எண்ணெய்ச் செம்பனைகளின் கொண்டையைத் தாண்டியது. இறக்கைத் துணி அம்சவல்லி தைத்தது. வெயில் பட்டு அது மஞ்சளாகத் தெரிந்ததை அவள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். அப்போது சத்தம் நின்றது. இருமவில்லை, திக்கவில்லை, கழுத்தைப் பிடித்தது போல நின்றது.

எஞ்சின் நின்றால் திரும்பாதே, எதிரில் என்ன இருந்தாலும் நேரே இறங்கு என்று ஒவ்வொரு மாணவனிடமும் தலையில் குட்டாத குறையாகச் சொல்லுகிற மனிதர் ஹாஷிம். அவர் திரும்பினார். பாதித் திருப்பத்தில் ஒரு பக்க இறக்கை சரிந்து விமானம் செம்பனைக்குள் விழுந்தது. இவர்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் பற்றிக்கொண்டது. பல் டாக்டர் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது எதற்கும் உதவவில்லை.

மறுநாள் பகலுக்குள் ஹாஷிமை அடக்கம் செய்துவிட்டார்கள். இராமையா, அம்சவல்லி, குணாளன் மூவரும் மையத்துக் கொல்லை என்ற இஸ்லாமியர் இடுகாட்டின் வேலிக்கு வெளியே நின்றார்கள். ரோஹானி ஒருமுறை நிமிர்ந்து இவர்களைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாக அம்சவல்லிக்குத் தோன்றவில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது லோரியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் காலிக் கூடைகள் மட்டும் உருண்டுகொண்டு வந்தன. தாப்பாவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. அருவி போயிற்று. பூர்வகுடிக்காரர்கள் பெட்டாய்க் காயைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கும் கொட்டில்கள் வந்தன. அந்த வளைவுகளில்தான் எல்லோருக்கும் காது அடைக்கும். அம்சவல்லி எச்சிலை முழுங்கிக் காதைத் திறந்துகொண்டாள். பக்கத்தில் இராமையாவும் முழுங்கினார். முழுங்கியவர் அப்படியே சிலையாக உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஜெட்டு."

"என்னா ஜெட்டு?"

"ஜெட்டு மாத்தல அம்சா. மலைக்கு வச்ச ஜெட்டோடவே கீழ எறக்கிட்டேன்."

அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழங்கால் கெட்டுப்போகும்வரை தேயிலை வெட்டும் மிஷினை ஒரு முனையில் பிடித்து நடந்தவள் அவள். அந்த மிஷின்களைக் கீழ்நாட்டு வியாபாரி கொண்டுவந்து இறக்கினால், இராமையா முதலில் செய்கிற வேலை கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை மாற்றுவதுதான். ஜெட் என்பது நெல்மணி அளவு பித்தளை. நடுவில் மயிர் நுழையும் துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் போகும். மலையில் காற்று மெலிசு. பெட்ரோலும் குறைவாகப் போக வேண்டும். அதற்குச் சின்னத் துளை. அதே எஞ்சினைக் கீழே கொண்டுபோனால் அங்கே காற்று தடிப்பு, சின்னத் துளையில் வரும் பெட்ரோல் போதாது. எஞ்சின் சூடேறும், சூட்டில் பிஸ்டன் உப்பிப் பிடித்துக்கொள்ளும். எஸ்டேட்டில் மிஷின் தொட்ட எவனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். ஆனால் கீழே கொண்டுபோகிறபோது திருப்பி மாற்ற வேண்டும் என்று எவனும் நினைத்துப் பார்த்ததில்லை. மேலே வந்த மிஷின் எதுவும் கீழே இறங்கினதில்லை. இங்கேயே ஓடி, இங்கேயே செத்து, இரும்புக்குப் போகும்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. திடலில் எஞ்சின் கத்தியபோது சத்தம் கொஞ்சம் கூராக இருந்தது. தாகத்தில் கத்துகிற மாதிரி. கீழ் ஊரில் அப்படித்தான் கேட்கும் போல என்று அவள் இருந்துவிட்டாள்.

குணாளனுக்கு மிஷின் விவரம் தெரியாது. ஆனால் அக்காவின் முகம் தெரியும். லோரியை ஓரம் கட்டினான். கொட்டிலில் இருந்த பெண் பெட்டாய்க் கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னான். அம்சவல்லி இரண்டு வாக்கியத்தில் அவனுக்கு விளக்கினாள்.

"அந்தக் கார்பரேட்டர் இப்ப எங்க?" என்றான்.

"உருகிப்போச்சு. ஈயக்கட்டி மாதிரி கெடந்துச்சு, பாத்தேன்" என்றார் இராமையா.

"அப்ப யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா."

"மச்சான், இங்க பாருங்க. இத இங்கயே முழுங்கிடுங்க. மேல கொண்டாராதீங்க."

இராமையா கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணாளன் கியரைப் போட்டான். வழியில் ரிங்லெட் ஊரில் குணாளன் மூன்று பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தான். ஒன்றும் பிரிக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது.

இராமையா அந்த எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பனும் அங்கேதான், பாய்லரில் விறகு தள்ளினவன். ஐம்பது வயது தாண்டும்வரை இராமையாவுக்கு வானத்தைப் பற்றி எந்த எண்ணமும் இருந்ததில்லை. மழை வருமா வராதா என்று பார்க்க மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மருந்தடிக்கும் டிரோன் வந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த பையன்கள் நாலு பேர் பங்களா முன்னால் அதைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். அந்த மாதமே மருந்தடிக்கிற கும்பலைக் கலைத்தார்கள். முதுகில் டின்னைச் சுமந்து சரிவில் ஏறினவர்கள் சிலர் கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று தெரியாது. ஒருநாள் டிரோனின் கை ஒடிந்தது. பையன்களுக்கு ஒட்டத் தெரியவில்லை, இராமையாவிடம் வந்தார்கள். இராமையா அலுமினியக் குழாயை வெட்டி ரிவெட் அடித்துக் கொடுத்தார். அது மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்பியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சோற்றில் கையை வைத்தபடி சொன்னார்: "அந்தக் கனத்தத் தூக்குதுன்னா கூடக் கொஞ்சம் குழாய் போட்டா என்னையத் தூக்கும்."

அம்சவல்லி, ரசத்தை ஊத்திச் சாப்பிடுங்க முதலில் என்றாள்.

ஆசை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. குடிக்கிறவன் கள்ளுக்கடைக்குப் போவது மாதிரி, மாதத்தில் இரண்டு ஞாயிறு பஸ் ஏறிப் பேராக்குக்கு இறங்கிப் போனார். அங்கே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்துத் திடல் ஒன்றில் அந்தக் கிளப் இருந்தது. படிப்பு ஆறாம் வகுப்பு. காற்றைப் பற்றிய பாடமெல்லாம் மலாயில். ஹாஷிம் பொறுமைசாலி. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முறத்தால் புடைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். எஸ்டேட்டில் கேலி பறந்தது. வேலை மேய்க்கும் மண்டோர் ராமசாமி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும், "இராமையாண்ணே, மேல போனா எங்க அப்பாவப் பாத்து நலம் விசாரிங்க, செத்து ரொம்ப நாளாச்சு" என்றான். இராமையா, "ஒங்கப்பன் மேல போயிருக்க மாட்டான்டா" என்றார். அன்றைக்குக் களம் முழுக்கச் சிரிப்பு. தனியாக ஓட்டலாம் என்று ஹாஷிம் அவரை விட்ட நாளில், வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள்தான் குணாளன் மூலம் அம்சவல்லிக்கு விஷயம் தெரிந்தது.

பிறகு கட்டத் தொடங்கினார். பழைய உரக் கொட்டகையை எஸ்டேட் துரை வாடகையில்லாமல் கொடுத்தார். இப்போதைய துரை மலாய்க்காரர், சின்ன வயசு; ஏதோ வேடிக்கை என்று நினைத்தார். ஆயிர்பானாஸ் லோரிக்காரர்கள், ஈப்போ இரும்புக்கடை, தாய்லாந்துக்காரன் ஒருவன் விற்ற பழைய எஞ்சின் என்று பல வழியில் சாமான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கேமரன் மலையின் ஈரத்தில் எதுவும் காயாது. பசை தடவினால் ஒரு வாரம் பிசுபிசுக்கும். இராமையா துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை உலர்த்தும் அறையில், வெந்நீர்க் குழாய் ஓரம் சாய்த்து வைப்பார். வீட்டுக்குக் கொண்டுவரும்போது எல்லாம் தேயிலை வாசம் அடிக்கும். இறக்கைத் துணியை அம்சவல்லி தைத்தாள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இடுப்பில் கட்டும் ரெட்டுத் துணி தைக்கிற அதே மிஷின். இரட்டைத் தையல் போடச் சொன்னார். அவள் மூன்று போட்டாள். எஞ்சினைக் கொட்டகை வாசலில் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் ஓட்டினார். பிளக்கைக் கழற்றி அவளிடம் காட்டுவார். நுனி பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். "பாத்தியா, சரியா எரியுது" என்பார். மலையில் அது சரியாகத்தான் எரிந்தது.

நடுவில் மோகனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வருடம் பார்த்தார்கள். பிறகு துணிமணியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான் மாப்பிள்ளை, ரொம்ப மரியாதையாக, தேத்தண்ணி குடித்துவிட்டு. தானா ராத்தாவில் அவளுக்கு ஒரு படுக்கை கிடைக்க எத்தனை நாள் காத்துக் கிடந்தது என்று அம்சவல்லிக்கு மட்டும்தான் தெரியும். வாரத்தில் மூன்று நாள் எஸ்டேட் வேனில் போய் வருவாள். வேறு ஊருக்குப் போனால் வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அதுவரைக்கும் அவள் உடம்பு நிற்காது.

வீடு எஸ்டேட் வீடு. வேலையாள் பட்டியலான செக்ரோலில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் வீடு. அம்சவல்லியின் பெயர் முழங்காலோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது இராமையாவின் பெயர் ஒன்று. அவருக்கும் ஓய்வு வயது வந்துகொண்டிருந்தது. துரை நல்ல மனதோடு, ஓய்வுக்கு அப்புறமும் வருடா வருடம் நீட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். செய்தி பரவியபின் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி நாகரத்தினம் இராமையாவைக் கூப்பிட்டனுப்பினார். விசாரணை சுத்தமாக முடிந்தால் துரை சொன்னது சொன்னதுதான், கேஸ் கீஸ் என்று கோர்ட்டுக்குப் போனால் கம்பெனி பெயர் அடிபடும், பிறகு துரை கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். கிராணி உட்காரச் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணைக்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்து எரிந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். எஞ்சின் நின்றது, ஏன் என்று தெரியாது என்று இராமையா முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னபோது அது உண்மை. அடுத்த வாரம் தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வேண்டும் என்று போன் வந்தது. குணாளன் தினமும் முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் வழியில் வந்து உட்கார்ந்தான்.

"தெரியாதுங்கற ஒரு வார்த்தைக்கு என்னா கஷ்டம் மச்சான்? நானுந்தான் போலீஸ்காரன்ட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன்."

இராமையா எழுந்துவிடுவார். வேலைக்குப் போவார், வருவார், போட்டதைச் சாப்பிடுவார். ஃபேக்டரியில் உருட்டு மிஷின் பெல்ட் அறுந்து ஒருவன் கை போகப் பார்த்தது. அவர் மாட்டிய பெல்ட்தான். அதற்கப்புறம் எதைப் பூட்டினாலும் அவிழ்த்து மறுபடி பூட்டினார். மற்ற ஆட்கள் காத்து நின்றார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும் நாளுக்கு முன்னால் வந்த சனிக்கிழமை, மதியத்துக்கு மேல், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது லயத்து வீடுகளின் முன்னால் ஒரு மைவி கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு ரோஹானி இறங்கினாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மோகனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அறையில் சுருண்டு படுத்திருந்தாள்; மிஷினில் இருந்து வந்தால் அவளை உலுக்கினாலும் லேசில் எழும்பமாட்டாள். இராமையா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

அம்சவல்லி அவளை உட்காரவைத்து, தேத்தண்ணி போட்டாள். டஸ்ட் தூள், நிறைய சீனி. ரோஹானி கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மலையின் குளிர் அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் சண்டைக்கு வரல கக்" என்றாள் மலாயில், அக்கா என்று கூப்பிட்டு.

"தெரியும்" என்றாள் அம்சவல்லி. அவளுடைய மலாய் பசார் மலாய், கடையில் பேரம் பேசப் போதும்.

ரோஹானி மெதுவாகத்தான் விஷயத்துக்கு வந்தாள். பாதை மோசம் என்றாள், வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்திருக்கிறது என்றாள். இராமையா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். உட்காரவில்லை.

"பாக்சிக், ஒங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். கிளப்புல எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. திரும்பாதேன்னு சொல்லிக்குடுத்த ஆளே திரும்பிட்டாருன்னு. அவரு படிச்சுக்குடுத்த பையன் ஒருத்தன், என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இதச் சொல்றான். எம் புருசன் அவ்ளோ முட்டாளா? நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. அங்க என்னா ஆச்சு?"

"எஞ்சின் நின்னுபோச்சு" என்றார் இராமையா.

"அது தெரியும். ஏன் நின்னுச்சு?"

தகரக் கூரையில் மழை அடித்தது. இராமையாவின் வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அம்சவல்லிக்கு உடனே தெரிந்தது. உள்ளறையில் மோகனா புரண்டு படுக்கும் சத்தமும் கேட்டது.

"சிக்குவுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல கக்" என்றாள் அம்சவல்லி.

ரோஹானி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏறுறதுக்கு முன்னால தல சுத்துதுன்னு சொன்னாரு. வெயிலா இருக்கும்னு நெனச்சோம். எங்கிட்டத்தான் சொன்னாரு. மத்தவங்களுக்குக் கேட்டிருக்காது."

சொல்லி முடித்ததும், இது ஒட்டாது, பிடிபட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. ரோஹானி கப்பைக் கீழே வைத்தாள். 

"காலையில அவரு ஏதாச்சும் சாப்ட்டாரா?"

"கோப்பி குடிச்சாரு. சாப்ட்டத நான் பாக்கல."

இதில் பொய் இல்லை. ரோஹானி தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குச் சீனி வியாதி. கிளப்புக்குத் தெரியாது. தெரிஞ்சா பறக்க விடமாட்டாங்கன்னு மறைச்சு வச்சிருந்தாரு, எனக்கு மட்டுந்தான் தெரியும். சாப்டாம மாத்திர போட்டாருன்னா தல சுத்தும். சனி ஞாயிறு நான் நாசி லெமாக் கட்டிக் குடுப்பேன். சாப்டறவரைக்கும் வாசலத் தாண்ட விட மாட்டேன். அன்னிக்கு நான் கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போயிட்டேன் கக். இருநூறு பேருக்குச் சமைச்சேன். எம் புருசனுக்கு ஒரு பொட்டலம் கட்டி வச்சுட்டுப் போகல."

அவள் அழவில்லை. தொலைந்துபோன சாமானை வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அம்சவல்லி தான் சும்மா சொன்ன பொய், மரையில் நட்டு ஏறுகிற மாதிரி அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் போய் இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஹானி எழுந்தாள். இராமையாவைப் பார்த்துச் சொன்னாள்: "பாக்சிக் பயப்படாதீங்க. ஒங்க மெஷினுக்கு யாரும் கெட்ட பேர் சொல்லக் கூடாது. அவரு வீட்டுல ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு, இப்படி ஒரு கை வேல பாத்ததில்லன்னு. விசாரிக்கிறவங்கள்ட்ட நானே போய் வியாதியச் சொல்லிடுறேன். மறைச்சது நாங்க. கேஸ் அதோட முடிஞ்சிடும்."

அம்சவல்லியின் கையைப் பிடித்து, தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். குடையை விரித்துப் படி இறங்கினாள். கார் அங்கே திரும்ப முடியாது. லயத்துச் சாலை அவ்வளவு குறுகல். கீழே பெரட்டுக் களம் வரைக்கும் போய்த்தான் திரும்பி வர வேண்டும். சிவப்பு விளக்கு மழையில் இறங்கிப் போயிற்று.

இராமையா சுவரோரமே நின்றார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிச்சு" என்றாள் அம்சவல்லி. "அவளே போய்ச் சொல்றேன்னுட்டா. இனி நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எம் புருசனச் சோறு போடாமக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் போறாடி அவ."

"நெனச்சுக்கிட்டுப் போகட்டும். அவளுக்குச் சொந்த வீடு இருக்கு. புள்ளைங்க நல்லா இருக்கு. நம்ம புள்ளயப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"இல்ல, நீங்க பாக்கல. நீங்க மேல பாத்தீங்க, மெஷினப் பாத்தீங்க, அந்த எழவுப் பிளக்கப் பாத்தீங்க. நான் கூடவே ஒக்காந்து தச்சுக் குடுத்தேன், ஒரு வார்த்த கேக்கல. இப்பக் கேக்குறேன். வாய மூடிக்கிட்டு இருங்க. அவ்ளோதான் கேக்குறேன்."

அவர் சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து ஈர உடம்பில் போட்டுக்கொண்டார்.

"தூங்க முடியல அம்சா."

"தூங்காதீங்க. யாரு தூங்கச் சொன்னா? முழிச்சுக்கிட்டே கெடங்க. நானும் முழிச்சுக்கிட்டுக் கெடக்குறேன். அவ மட்டும் தூங்கட்டும், வாரத்துல மூணு நாளு போய் ரத்தத்தக் கழுவிக்கிட்டு வந்து தூங்கட்டும்."

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். திரைச்சீலைக்குக் கீழே மோகனாவின் பாதங்கள் தெரிந்தன, வீங்கியவை, காலுறை போட்டவை. அங்கேயே நெடுநேரம் பார்த்தார். அம்சவல்லி அவர் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தாள். ஒரு கணம் நிச்சயமாகவே நினைத்தாள். கீழே களத்தில் கார் முன்னும் பின்னும் உறுமித் திரும்புகிற சத்தம் கேட்டது.

"கார் வருது" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. குனிந்து ரப்பர்ச் செருப்பைத் தேடினார்.

"போனா அப்படியே போயிருங்க" என்றாள். குரல் உயரவில்லை. "இங்க வராதீங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம் இது நம்ம வீடு இல்ல. போற வரைக்கும் இது எம் புள்ள வீடு. அவங்க வந்து வெளிய போன்னு சொல்ற நாளு வரைக்கும் நான் அவள வச்சுக்கிட்டு இங்க இருக்கணும். அதுல ஒங்களுக்கு எடம் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த முகம்தான். படி இறங்கினார்.

குடை எடுக்கவில்லை. ஓடவும் இல்லை, வேலைக்குப் போகிற நடைதான் நடந்தார். சாலையின் நடுவில் போய் நின்றுகொண்டார். காரின் வெளிச்சம் மேடேறி வந்து அவர் மேல் விழுந்தது. கார் நின்றது. அவர் பக்கவாட்டுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. அவர் குனிந்தார்.

"அம்மா" என்று மோகனா அறையிலிருந்து கூப்பிட்டாள். "யாரும்மா வெளிய? அப்பாவா?"

அம்சவல்லி மழைக்கு உப்பிப்போயிருந்த கதவைத் தோளைக் கொடுத்துத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சாவியையும் திருப்பினாள்.